பதினைந்தாவது மாணவி

"இன்ஷூரன்ஸ் எல்லாம் ஃபேக்டரியிலயே புடிச்சிடுறாங்கம்மா. வேணாம்."

கதவைப் பாதி திறந்தபடி அந்த மனிதர் இதைச் சொன்னபோது நான் மழைக்கோட்டின் கழுத்துப் பட்டனோடு போராடிக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் சக ஆசிரியர் குல்கர்ணி, கல்லூரியின் பெயர் அச்சடித்த துணிப்பைகள் நான்கைத் தோளில் மாட்டிக்கொண்டு மூச்சு வாங்கினார். கட்கி ரயில் நிலையத்துக்கு அந்தப்புறம் இருந்த ஒரு பழைய குடியிருப்பின் மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. படிக்கட்டு முழுக்க மழைத் தண்ணீரும் வெங்காயம் வதங்கும் வாசனையும்.

"இன்ஷூரன்ஸ் இல்லைங்க. நான் காலேஜ் ப்ரொஃபசர்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ட்யூஷனா?"

சிவில் இன்ஜினீயரிங் துறைத் தலைவர். முனைவர் பட்டம். கான்கிரீட்டில் விரிசல் எப்படிப் பரவுகிறது என்று ஏழு ஆய்வுக் கட்டுரைகள். இவ்வளவையும் ஈரமான கால்மிதியின் மேல் நின்றுகொண்டு எப்படிச் சொல்வது?

"ட்யூஷன் மாதிரிதான்" என்றேன். உள்ளே விட்டார்.

துறைத் தலைவர் வீடு வீடாகப் போன கதை

நான் வேலை பார்ப்பது ஆகுர்டிப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில். அதை நிறுவியவரின் மகன்தான் இப்போது டைரக்டர். வெளிநாட்டில் நிர்வாகம் படித்தவர். அந்த வருடம் மழை ஆரம்பித்த வாரத்தில் என்னைக் கூப்பிட்டு, மிகவும் வருத்தப்பட்ட குரலில் சொன்னார்:

"மேடம், சிவில்ல ஒரு எக்சைட்மென்ட் இல்லை. பசங்க வரமாட்டேங்கறாங்க. உலகம் வேற எங்கேயோ போயிடுச்சு."

அவருடைய தலைக்குப் பின்னால் ஒரு பெரிய ஜன்னல். ஜன்னலில் மூன்று கிரேன்கள் தெரிந்தன. காலையில் நிக்டியிலிருந்து கல்லூரிக்கு வரும் வழியில் மெட்ரோவுக்காகத் தோண்டிய பள்ளங்களைச் சுற்றிக்கொண்டு, ஒரு மேம்பாலத்தின் அடியில் அரைமணி நேரம் நின்று, புதிதாய் எழும்பும் முப்பது மாடிக் கட்டடத்தின் தூசியைத் தின்றுவிட்டுத்தான் வந்திருந்தேன். ஊர் முழுக்கக் கட்டிக்கொண்டிருக்கிறது. கட்டுவதைப் படிக்கத்தான் ஆளில்லை. கட்டடங்கள் தாமாகவே முளைக்கின்றன என்று டைரக்டர் நினைத்திருக்கலாம். மழைக்காலம் வேறு.

துறையைக் காப்பாற்ற அவர் முயற்சி செய்யவில்லை என்று சொன்னால் அது பாவம். முதலில் பெயரை மாற்றினார். 'சிவில்' என்ற சொல்லுக்கு முன்னால் 'ஸ்மார்ட்' வந்தது, பின்னால் 'செயற்கை நுண்ணறிவுடன்' வந்தது. பாடத்திட்டம் அப்படியே இருந்தது. பெயர்ப்பலகை மட்டும் இரண்டு அடி நீண்டது.

பிறகு கண்ணாடி வந்தது. இரும்புக் கம்பியை இழுத்து இழுத்து அறுக்கும் இயந்திரம் ஒன்று எங்கள் ஆய்வகத்தில் இருந்தது. ஒரு யானைக்குட்டி அளவு இருக்கும். கம்பி அறுபடும்போது துப்பாக்கி வெடித்தது போல் சத்தம் கேட்கும். பின்பெஞ்சில் தூங்குகிறவன்கூட எழுந்துவிடுவான். அதைச் சைக்கிள் நிறுத்தத்துக்குப் பின்னால் தார்ப்பாயில் மூடி வைத்துவிட்டு, அந்த இடத்தில் முகத்தில் மாட்டிக்கொள்ளும் பெரிய கண்ணாடிகள் இருபது வாங்கிப் போட்டார்கள். கண்ணாடிக்குள் கான்கிரீட் கொட்டும், கம்பி வளையும். கைக்கு அழுக்கு ஒட்டாது. திறப்பு விழாவில் அறங்காவலர் ஒருவரின் மனைவி அதை மாட்டிக்கொண்டு, கான்கிரீட் வாளி தன்னை நோக்கி வருவதாக அலறி, பின்னால் நின்ற என் காலை மிதித்தார். அந்த ஆய்வகத்தில் யாரும் உண்மையாகவே ஒரு பாரத்தை உணர்ந்தது அந்த ஒரு முறைதான்.

வேலைவாய்ப்புச் சுவரொட்டியும் உண்டு. 'சிவில் மாணவர்கள் அனைவருக்கும் வேலை!' சிரித்த முகங்கள், டை. அத்தனை பேரும் ஹிஞ்ஜவடியில் கணினி நிறுவனங்களில் இருந்தார்கள். எங்களிடம் நான்கு வருடம் பாலம் கட்டக் கற்றுக்கொண்டு, அங்கே போய் யாரோ ஒரு அமெரிக்கப் பல் மருத்துவரின் முன்பதிவுச் செயலியைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் டைரக்டர் சொன்னார்: "பதினஞ்சு பேர் சேர்ந்தா இந்த வருஷம் சிவில் இருக்கும். பதினாலுன்னா இல்லை. நீங்க எல்லாரும் வெளியே போய்ப் பசங்களைப் பாருங்க மேடம். களப்பணி உங்களுக்குப் புதுசா என்ன?"

துறையில் நாங்கள் நாலு பேர். மூன்று வாரம் அலைந்தோம். பதினாலு பேர் சேர்ந்தார்கள். பதினைந்தாவது பெயராகக் கையில் இருந்தது, கட்கியில் மூன்றாவது மாடியில் வசிக்கும் தீபா என்ற பெண்.

ஆணி அடிக்கத் தெரியாதவள்

கதைக்குத் திரும்பும் முன் ஒரு பாக்கி. என் மாமனார் சுவரில் ஆணி அடிக்கச் சொல்லி, நான் முழித்ததைப் போன வாரம் இந்தப் பகுதியில் எழுதியிருந்தேன். 'சிவில் படித்தவருக்கு ஆணி அடிக்கத் தெரியாதா?' என்று சேலத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

தெரியாது ஐயா. படித்து முடித்ததும் ஒரு கட்டுமான நிறுவனத்தில் நேர்முகத்துக்குப் போனேன். "வெயில்ல நிப்பீங்களா? கல்யாணம் ஆனா வருவீங்களா?" என்று இரண்டே கேள்விகள் கேட்டார்கள். இரண்டும் தூணைப் பற்றியவை அல்ல. எனவே ஆசிரியர் ஆனேன். இருபத்து நான்கு வருடமாகக் கட்டடம் கட்டுவது எப்படி என்று சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு நாய்க்கூண்டுகூடக் கட்டியதில்லை. எங்கள் துறையில் மற்ற மூவரும் அப்படித்தான். இந்த நாட்டில் நீச்சல் குளத்தையே பார்க்காதவர்கள் நீச்சல் சொல்லித்தர முடிகிற இடம் எங்கள் கல்லூரிகள்தான்.

ஐந்தடிக் கட்டில்

கதவைத் திறந்தவர் தீபாவின் அப்பா செல்வராஜ். வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஃபிட்டர். தாத்தா காலத்தில் வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். நானும் கட்கியில் பிறந்தவள் என்றதும் அவருடைய முதுகு நிமிர்ந்தது.

"அப்படியா! அப்பா எந்த செக்‌ஷன்?"

"பெயின்ட் ஷாப்."

"பெயின்ட் ஷாப் ஜெயராமனா? அட, எங்கப்பாவுக்கு தோஸ்து மேடம் அவுரு!"

உள்ளே இருந்து அவர் மனைவி மல்லிகா எட்டிப் பார்த்து, "உக்காருங்கக்கா, சாய் போடறேன்" என்றார். தமிழ் தெரியாத குல்கர்ணி இவர்கள் சிரிப்பதைப் பார்த்துவிட்டு, வேலை முடிந்தது என்று நினைத்துத் துணிப்பை ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார்.

தீபா வந்து உட்கார்ந்தாள். ஒல்லியான பெண். தமிழ் தட்டுத் தடுமாறி வந்தது. சிவில்தான் வேண்டும் என்று அவள் பிடிவாதம் பிடிப்பதாகவும், அப்பாவுக்குக் கம்ப்யூட்டர்தான் ஆசை என்றும் கேள்விப்பட்டிருந்தேன். ஏன் சிவில் என்று கேட்டேன்.

"அத நான் சொல்றேன் மேடம்" என்று செல்வராஜ் முந்திக்கொண்டார். "இந்தக் கட்டடத்த இடிச்சிட்டு புதுசா கட்டித் தரோம்னு ஒரு பில்டர் வந்திருக்கான். அவன் ஆபீஸ்ல சாம்பிள் ஃப்ளாட்னு ஒண்ணு காட்டுனான். ஜம்முனு இருந்திச்சு. பெட்ரூம்ல கட்டில போட்டு, சுத்தி நடக்க எடம் வேற. நானும் இவங்கம்மாவும் சரின்னு தலையாட்டிட்டோம். இவ இன்னா பண்ணா தெரியுமா? பையிலேர்ந்து தையக்கார டேப்ப எடுத்துட்டா."

"கட்டில் சோட்டா, ஆன்ட்டி" என்றாள் தீபா. "அஞ்சு ஃபுட் தான். ஸ்பெஷலா செஞ்சிருக்காங்க. ரூம் பெருசா தெரியணும்ல? பப்பா படுத்தா கால் வெளிய வரும்."

"படுத்துக் காட்டுன்னா. படுத்தேன். ஷூவோட."

"ஃப்ளாட் காட்டுன சேல்ஸ் தீதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கிச்சு" என்றாள் தீபா.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். இருபத்து நான்கு வருடத்தில், மதிப்பெண் இல்லாமல் தானாக ஒன்றை அளந்து பார்த்த ஒருத்தி என் எதிரே உட்கார்ந்திருக்கிறாள். நான் அவளுக்கு ஒரு துணிப்பை கொண்டுவந்திருக்கிறேன்.

அவள் கேள்வி கேட்க ஆரம்பித்தாள்.

"லேப்ல கம்பி, கான்கிரீட் எல்லாம் நாமளே டெஸ்ட் பண்ணலாமா?"

லேப் என்ற சொல் மட்டும் புரிந்த குல்கர்ணி, "வர்ச்சுவல் ரியாலிட்டி! வேர்ல்ட் கிளாஸ்!" என்று கையேட்டின் நான்காம் பக்கத்தைத் திறந்து காட்டினார்.

"அப்ப நிஜக் கம்பி இல்லையா?"

இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். பொய்கூட இல்லை. தார்ப்பாய்க்குக் கீழே இருக்கத்தான் செய்தது.

"இல்லம்மா. கம்பிய இழுத்து அறுக்கற மிஷின எடுத்துட்டாங்க" என்றேன்.

"சைட்டுக்குக் கூட்டிட்டுப் போவீங்களா?"

"முன்னாடி போனோம். இப்ப யாருக்காவது அடிபட்டா பொறுப்பு யாருதுன்னு கேட்டு நிறுத்திட்டாங்க. வீடியோ காட்டறோம்."

"போன வருஷம் முடிச்சவங்க எங்க வேலை பாக்கறாங்க?"

"ஹிஞ்ஜவடில. கம்ப்யூட்டர் கம்பெனில."

"எல்லாருமா?"

"ஒருத்தன் மட்டும் இல்ல. அவன் பேங்க் பரீட்சைக்குப் படிக்கறான்."

குல்கர்ணிக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் என் முகம் தெரியும். ஈர ஷூவால் என் காலை அழுத்தினார்.

செல்வராஜ் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "அப்புறம் எதுக்கு மேடம் எங்க வீட்டுக்கு வந்தீங்க?"

கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. எங்களை வெளியே அனுப்பும் முன் கல்லூரி நடத்திய பயிற்சி வகுப்பில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லித்தரவில்லை.

"பதினாலு பேர் சேந்திருக்காங்க. பதினஞ்சு ஆகலேன்னா துறைய மூடிடுவாங்க. எங்க நாலு பேர் வேலை நிக்குமா தெரியாது. அதுக்குத்தான் வந்தேன்."

சமையலறையில் குக்கர் விசில் அடித்து ஓய்ந்தது. தீபா கையேட்டை மூடினாள்.

"நான் சேந்தா அந்த மிஷின் திருப்பி வருமா, ஆன்ட்டி?"

"வராது."

அரசாங்கக் கல்லூரியில் சிவில் இருக்கிறது, அங்கே ஆய்வகக் கூரை ஒழுகும், ஆனால் இயந்திரம் ஓடும் என்றேன். இவள் வாங்கிய மதிப்பெண்ணுக்கு அங்கே இடம் கிடைக்கும், ஏனென்றால் சிவிலுக்குப் போட்டி போட யாருமில்லை. அவள் அங்கேயே போனை எடுத்து, கல்லூரிச் சேர்க்கைக்கான விருப்பப் பட்டியலில் அதை முதலில் போட்டாள். எங்கள் கல்லூரியை இரண்டாவதாகப் போடட்டுமா என்று மரியாதைக்குக் கேட்டாள். வேண்டாம் என்றேன்.

மல்லிகா எனக்கு இன்னொரு டீ கொடுத்தார். குல்கர்ணிக்கும்தான். அவர் குடிக்கவில்லை.

தாபோடி சிக்னல்

அன்று பெரிய தியாகம் செய்துவிட்ட பூரிப்போடு படியிறங்கினேன் என்று எழுத ஆசைதான். உண்மையில், இரண்டாவது மாடி வந்ததுமே திரும்பிப் போய், "சும்மா சொன்னேன், எங்க காலேஜ் ரொம்ப நல்ல காலேஜ்" என்று சொல்லலாமா என்றிருந்தது.

குல்கர்ணியின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தேன். மேசைமேல் வைத்ததையும் சேர்த்து, எங்கள் நடுவே நான்கு துணிப்பைகள். தாபோடி சிக்னலில் வண்டியை நிறுத்தியதும், திரும்பாமலே இந்தியில் சொன்னார்:

"உண்மை பேசணும்னா தனியாப் போயிருக்கணும் மேடம். என்னையும் கூட்டிட்டுப் போய் என் வேலையையும் சேர்த்துப் பேசிட்டீங்க. எனக்கு ரெண்டு பிள்ளைங்க. ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

கேட்கவில்லை. பச்சை விளக்கு எரிந்தது. பின்னாலிருந்த பேருந்து எங்களை ஹாரனால் திட்டியது.

மனித விழுமியங்கள்

அந்த வருடம் சிவில் மூடப்பட்டது. பதினாலு பேரையும் வேறு பிரிவுகளுக்கு மாறிக்கொள்ளச் சொன்னார்கள். யாரும் அழவில்லை. இருவர் எனக்கு நன்றி சொன்னார்கள். அவர்களுடைய பெற்றோர் இனிப்பு அனுப்பினார்கள்.

குல்கர்ணியை முதலாமாண்டுக்கு இன்ஜினீயரிங் படம் வரையக் கற்றுக்கொடுக்க அனுப்பினார்கள். என்னோடு பேசுவதை நிறுத்தினார். மூன்று மாதத்தில் கல்லூரியை விட்டே போய்விட்டார். மற்ற இருவரில் ஒருவர் நூலகத்துக்கும் இன்னொருவர் தேர்வு அலுவலகத்துக்கும் போனார்கள்.

எனக்கு 'மனித விழுமியங்கள்' என்ற கட்டாயப் பாடம் கிடைத்தது. செயற்கை நுண்ணறிவுப் பிரிவு மாணவர்கள் அறுபது பேருக்கு, வாரம் இரண்டு மணி நேரம், நேர்மை, இரக்கம், பொறுப்பு. துறையை மூடியவர் என்னை நேர்மைக்குப் பொறுப்பாளராக்கினார் என்றால், அவருக்கும் நகைச்சுவை உணர்ச்சி இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

முதல் மாதம் நேர்மை பற்றி ஒரு கட்டுரை எழுதிவரச் சொன்னேன். அறுபது கட்டுரைகள் வந்தன. நாற்பத்தொன்று ஒரே வரியில் ஆரம்பித்தன. எல்லாம் கணினி எழுதிக்கொடுத்தது. "நீங்களே எழுதினதா?" என்று கேட்டேன். "ஆமாம் மேடம்" என்றார்கள், ஒரே குரலில். அதையும் யாரோ எழுதிக்கொடுத்தது போலிருந்தது.

இரண்டு தாள், ஒரு தூண்

அடுத்த கோடை ஆரம்பத்தில் செல்வராஜ் போன் செய்தார். தீபாவுக்கு அந்த அரசாங்கக் கல்லூரியிலேயே இடம் கிடைத்து, முதல் வருடம் முடியப் போவதைச் சொன்னார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"பில்டர் ட்ராயிங் குடுத்திருக்கான் மேடம். பெரிய பெரிய தாளு. ஒரு எழவும் புரியல. தீபா கொஞ்சம் பாத்துட்டு, எனக்கு இன்னும் இது சொல்லித் தரல, மேடத்த கூப்புடுன்னுச்சு."

"நான் பாடம் நடத்தறவ செல்வராஜ். இப்ப அதுவும் இல்ல."

"அது இன்னாவோ மேடம். மத்த இன்ஜினீயருங்கல்லாம் பில்டரு காட்டுன ஆளுங்க. எங்களுக்குன்னு தெரிஞ்சது நீங்க ஒருத்தர்தான்."

குல்கர்ணியைக் கூப்பிட்டேன். ஒன்பது மாதத்துக்குப் பின் அவர் குரலைக் கேட்கிறேன். "தனியாப் போங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை எனக்கு முன்பே வந்து செல்வராஜ் வீட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தார். அடுத்தவர் வரைந்த படத்தில் தப்பு கண்டுபிடிப்பது அவருக்குச் சாப்பாட்டைவிட முக்கியம்.

தாள்களைத் தரையில் விரித்தோம். மூலைக்கு மூலை பருப்பு டப்பாக்களை வைத்தோம். தீபா அளவுகளைப் படித்தாள், குல்கர்ணி குறித்தார், நான் சரிபார்த்தேன். மதியம் தாண்டி, குல்கர்ணி விரலை ஓரிடத்தில் வைத்துவிட்டு எடுக்கவே இல்லை. தரைத்தளத்தில் கார் நிறுத்தும் இடம். பின்வரிசைத் தூண்கள் ஒரு தாளில் பன்னிரண்டு அங்குல அகலம், இன்னொரு தாளில் ஒன்பது. ஒன்பது இருந்த தாளில் தூண்களுக்கு நடுவே மூன்று கார்கள் வரைந்திருந்தன. பன்னிரண்டு என்றால் இரண்டு கார்தான் நுழையும். அதாவது, ஒரு காருக்கு இடம் தர ஏழு மாடியைத் தாங்கும் தூணை இளைக்க வைத்திருந்தார்கள்.

அன்று மாலையே மொட்டை மாடியில் குடியிருப்புக் கூட்டம். பில்டரின் ஆள் வந்திருந்தார். இளைஞர், நல்ல இஸ்திரி போட்ட சட்டை.

"சாஃப்ட்வேர் போட்ட ட்ராயிங் மேடம். தப்பு வராது" என்றார்.

"எந்தத் தாளைப் பார்த்துக் கட்டுவீங்க?"

"ரெண்டையும் பார்த்துதான்."

"தூண் ஒண்ணுதானே?"

யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "எழுத்துல குடுங்க. கையெழுத்துப் போட்டு. உங்க பேர்ல ஆட்சேபணை வந்தா நாங்க பதில் சொல்றோம். இதுக்கு முன்னாடி எத்தனை கட்டடத்துக்கு இப்படி எழுதிக் குடுத்திருக்கீங்க மேடம்?"

"ஒண்ணுக்கும் இல்ல."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். நான் குல்கர்ணியைப் பார்த்தேன். அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்து வானத்தைப் பார்த்தார். "நான் கண்டுபிடிச்சேன். கையெழுத்து துறைத் தலைவரோடது."

பயந்தேன் என்பதை ஒளிக்கப் போவதில்லை. ஆயிரக்கணக்கான வருகைப் பதிவேடுகளில் கையெழுத்திட்டிருக்கிறேன். அவற்றில் எதுவும் யார் தலையிலும் விழாது. இது அப்படியில்லை. நான் சொல்வது தப்பானால் ஊர் சிரிக்கும். சரியாக இருந்து எழுதாமல் போனால், சிரிக்க அந்தக் கட்டடத்தில் யார் இருப்பார்கள் என்று தெரியாது.

தாளின் பின்பக்கத்தில் கணக்கை மறுபடி முதலிலிருந்து போட்டேன். தளத்துக்குத் தளம் எடையைக் கூட்டினேன். தீபா கால்குலேட்டரில் தனியாகப் போட்டாள். இரண்டும் ஒத்துவந்தன. ஒன்பது அங்குலம் தாங்காது. அதை ஐந்து வரியில் ஆங்கிலத்தில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன். அது வேறு யாருடையதோ போல் விழுந்தது.

பிறகு

மூன்று வாரம் எந்தத் தகவலும் இல்லை. பிறகு திருத்திய படங்கள் வந்தன. எல்லாத் தாளிலும் தூண் பன்னிரண்டு அங்குலம். மூன்றாவது காரைக் காணோம். அந்த இடம் இரண்டாவது மாடி போஸ்லே அவர்களுக்கு ஒதுக்கியிருந்ததாம். அவர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. செல்வராஜ் வீட்டுக்குப் போகும்போது படியில் எதிரே வந்தால், கட்டடத்தைக் காப்பாற்றியவளை அல்ல, தன் காரைத் திருடியவளைப் பார்க்கும் முகம்.

நான் இன்னும் மனித விழுமியங்கள்தான் நடத்துகிறேன். அந்தப் படங்களோடு பில்டர் அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு கடிதமும் வந்தது. ஆங்கிலத்தில் நான்கு வரி. உங்கள் ஆட்சேபணை பரிசீலிக்கப்பட்டது, திருத்தம் செய்யப்பட்டது, நன்றி. என்னைப் பார்த்தே இராத யாரோ ஒரு குமாஸ்தா தட்டச்சு செய்திருக்க வேண்டும். மேலே இப்படி விளித்திருந்தார்: 'மதிப்பிற்குரிய பொறியாளர் ஐயா.'

படித்து இருபத்தைந்து வருடம் கழித்து, முதல் முறையாக ஒருவர் என்னை அப்படி அழைத்திருக்கிறார். 'ஐயா'வைத் திருத்தச் சொல்லி நான் எழுதவில்லை. 'பொறியாளர்' என்பதையும் சேர்த்துத் திருத்திவிடுவார்களோ என்று பயம்.